பவல் ஏரியில் கோடைக்காலக் குடும்பப் படகு முகாம்

பவல் ஏரி என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் யூட்டா, அரிசோனா ஆகிய இரு மாநிலங்களில் பரந்து கிடக்கும் ஒரு செயற்கை நீர்த்தேக்கம் ஆகும். கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கிளென் கேன்யன் அணையால் இது உருவானது. கோடை விடுமுறையில் குடும்பங்கள் ஒன்றுகூடிப் படகு வீடுகளில் சென்று, கரையோர மணல் திட்டுகளில் பல நாட்கள் தங்கி வருவது இந்த ஏரியின் தனிச்சிறப்பு. சாலையோ மின்கம்பியோ கடையோ இல்லாத கரைகளில் தங்குவதால், உணவு, குடிநீர், கழிப்பிடம், விளக்கு என எல்லாவற்றையும் படகிலேயே கொண்டுசெல்ல வேண்டும். குப்பையையும் கழிவையும் படகிலேயே திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

ஏரியையும் அதைச் சுற்றியுள்ள சுமார் 12.5 இலட்சம் ஏக்கர் நிலத்தையும் கிளென் கேன்யன் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி என்ற பெயரில் அமெரிக்கத் தேசியப் பூங்காப் பணித்துறை நிர்வகிக்கிறது. 2019 ஆம் ஆண்டில் மட்டும் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் இங்குப் பதிவாயின. படகு முகாம் மகிழ்ச்சியான பொழுதுபோக்கு என்றாலும், அதில் உயிராபத்துகளும் உள்ளன. அவற்றுள் சில கண்ணுக்குத் தெரியாதவை. ஏரியின் நீர்மட்டமும் 2000 ஆம் ஆண்டிலிருந்து பெரிதும் குறைந்துள்ளதால், இந்தப் பயணமுறையே மாறி வருகிறது.

ஏரி உருவான வரலாறு

கொலராடோ ஆற்று நீரைப் பங்கிட்டுக்கொள்ள 1922 இல் ஏழு மாநிலங்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி ஆற்றுப் படுகை மேல்படுகை, கீழ்ப்படுகை என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மேல்படுகை மாநிலங்கள் கீழ்ப்படுகைக்குத் தர வேண்டிய நீரை வறட்சிக் காலத்திலும் தருவதற்கு ஒரு பெரிய சேமிப்பிடம் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்காகவும் நீர்மின் உற்பத்திக்காகவும் கிளென் கேன்யன் அணை திட்டமிடப்பட்டது.

கட்டுமானம் 1956 இல் தொடங்கியது. அணைத் தொழிலாளர்கள் தங்குவதற்காகப் பாலைநிலத்தில் புதிதாக அமைக்கப்பட்ட குடியிருப்பே இன்றைய பேஜ் நகரம். 710 அடி (216 மீட்டர்) உயரம் கொண்ட இந்தக் கான்கிரீட் வளைவணையில் 1963 மார்ச் மாதம் நீர் தேக்கப்படத் தொடங்கியது. ஏரி முழுக் கொள்ளளவை எட்ட 17 ஆண்டுகள் பிடித்தன. 1980 ஜூன் மாதத்தில்தான் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 3,700 அடி (1,128 மீட்டர்) என்ற முழு அளவைத் தொட்டது.

1983 கோடையில் எதிர்பாராத பனி உருகலால் ஏரி முழு அளவையும் தாண்டியது. உபரிநீர்ச் சுரங்கங்கள் அரிப்பால் சேதமடைந்ததால், வாயில்களின் மேல் ஒட்டுப்பலகைகளை நிறுத்தி நீரைத் தடுத்துவைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. பின்னர் அவற்றுக்குப் பதிலாக எஃகுத் தகடுகள் பொருத்தப்பட்டன. அந்த ஆண்டு ஜூலையில் பதிவான சுமார் 3,708 அடியே ஏரியின் வரலாற்றில் மிக உயர்ந்த மட்டம்.

ஏரிக்குப் பெயர் தந்தவர் ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த இவர், 1869 இல் ஒன்பது பேருடன் நான்கு மரப்படகுகளில் இந்த ஆற்று வழியை ஆராயப் புறப்பட்டார். கிளென் கேன்யன் என்ற பெயரைச் சூட்டியவரும் இவரே. ‘கிளென்’ என்பது பசுமையான சிறு பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல். அவர் கண்ட பள்ளத்தாக்கின் பெரும்பகுதி பின்னாளில் அவர் பெயரைத் தாங்கிய ஏரியில் மூழ்கியது.

நில அமைப்பு

பவல் ஏரி வட்டமாகவோ அகலமாகவோ இல்லை. ஆறு அரித்த ஆழமான பள்ளத்தாக்கில் நீர் நிரம்பியதால் இது நீண்டு வளைந்து கிடக்கிறது. முழு அளவில் இதன் நீளம் சுமார் 300 கிலோமீட்டர். பக்கவாட்டில் பிரியும் பல கிளைப் பள்ளத்தாக்குகளிலும் நீர் புகுந்திருப்பதால் கரையின் மொத்த நீளம் ஏறத்தாழ 3,150 கிலோமீட்டர் ஆகிறது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் ஏரிக்கு வந்தாலும், ஒருவர் கண்ணில் மற்றவர் படாத தனிக் கரையைத் தேடிப்பிடிக்க முடிவதற்கு இதுவே காரணம்.

கரைகளில் பெரும்பாலும் நவஹோ மணற்கல் எனப்படும் செம்மஞ்சள் பாறைகள் செங்குத்தாக எழுகின்றன. நீர் முன்பு நின்ற உயரம் வரை பாறைகளில் வெள்ளைப் பட்டை ஒன்று காணப்படுகிறது. நீரில் கரைந்திருந்த கால்சியம் கார்பனேட் போன்ற தாதுக்கள் படிந்ததால் இது உண்டானது. நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை இந்தப் பட்டையைக் கொண்டே சிறுவர்களும் கணித்துவிடலாம்.

எஸ்கலாண்டே ஆறும் சான் உவான் ஆறும் ஏரியில் வந்து சேரும் இடங்கள் இரு பெரிய கிளைகளாக உள்ளன. ஏரியின் தெற்கில் நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலம் உள்ளது. அந்த நிலத்தில் நடக்கவோ தங்கவோ நவஹோ நிர்வாகத்தின் தனி அனுமதி வேண்டும்.

பயணத்தின் அமைப்பு

அணைக்கு அருகே உள்ள வாவீப், ஆன்டிலோப் பாயின்ட் ஆகிய படகுத்துறைகளும், வடக்கே உள்ள புல்ஃபிராக், ஹால்ஸ் கிராசிங் ஆகியவையும் பயணங்கள் புறப்படும் இடங்கள். இவற்றுள் வாவீப் மிகப் பெரியது.

படகு வீடு என்பது தட்டையான மிதவை உடலின் மேல் அமைந்த ஒரு சிறு வீடு போன்றது. வாடகைப் படகுகள் 75 அடி (23 மீட்டர்) நீளம் வரை உள்ளன. சமையலறை, குளிர்பதனப் பெட்டி, படுக்கைகள், கழிப்பறை, மாடித்தளம், அங்கிருந்து நீரில் இறங்கச் சறுக்குமரம் ஆகியவை பல படகுகளில் உண்டு. தாத்தா, பாட்டி முதல் பேரக் குழந்தைகள் வரை மூன்று தலைமுறையினர் ஒரே படகில் தங்குவது வழக்கம். தனியொரு குடும்பத்தால் வாங்க முடியாத விலை என்பதால், பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகை வாங்கி, ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட வாரம் என்று பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடும் பரவலாக உள்ளது.

படகு வீடு மெதுவாகவே செல்லும். ஆகவே, பெரும்பாலான குழுக்கள் ஒரு சிறு விசைப்படகையும் உடன் கொண்டுசெல்கின்றன. முகாமிடத் தகுந்த கரையை முதலில் போய்ப் பார்த்துவர, எரிபொருளும் பனிக்கட்டியும் வாங்கிவர, குறுகிய கிளைகளுக்குள் நுழைய, அவசரத்தில் உதவி தேட என அனைத்துக்கும் அது பயன்படும்.

முதன்மைக் கால்வாயில் எண் இடப்பட்ட மிதவைகள் மிதக்கின்றன. மிதவையில் உள்ள எண், அணையிலிருந்து அந்த இடம் எத்தனை மைல் தொலைவில் உள்ளது என்பதைக் காட்டும். கைப்பேசி அலை பெரும்பாலான இடங்களில் கிடைக்காது. எனவே படகுகளுக்கான வி.எச்.எஃப். வானொலியின் 16 ஆம் அலைவரிசையில் அருகிலுள்ள மிதவையின் எண்ணைச் சொல்லி உதவி கேட்பதே நடைமுறை. இந்த எண்ணைப் படகில் உள்ள குழந்தைகளுக்கும் சொல்லிவைப்பது நல்லது.

புதிதாக வருவோரைக் குழப்பும் இன்னொரு செய்தி கடிகாரம். யூட்டா மாநிலத்தில் கோடையில் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பர். அரிசோனாவில் அந்த வழக்கம் இல்லை. ஆனால் நவஹோ நிலத்தில் உண்டு. இதனால் ஒரே ஏரியில் வாவீப் துறையில் காலை 8 மணி என்றால் புல்ஃபிராக் துறையில் 9 மணி. படகைத் திருப்பித் தரும் நேரத்தை எந்த மாநிலக் கணக்கில் சொல்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கரையில் முகாம்

முகாமுக்கு ஏற்ற இடம் மென்மையாகச் சரியும் மணற்கரை. படகின் முன்பகுதியை மெதுவாக மணலில் ஏற்றி நிறுத்துவர். பிறகு இயந்திரத்தைக் குறைந்த வேகத்தில் முன்னோக்கி ஓடவிட்டபடி, படகின் இருபுறமும் சாய்வாகக் கயிறுகளை இழுத்து, மணலில் ஆழக் குழி தோண்டி நங்கூரங்களைப் புதைப்பர். பெரிய படகுக்கு நான்கு நங்கூரங்களாவது தேவைப்படும். படகு வீட்டின் உயரமான பக்கச்சுவர் பாய்மரம் போலக் காற்றை வாங்கும். எனவே நங்கூரம் சரியாகப் புதையாவிட்டால், மாலைக் காற்றில் படகு பக்கவாட்டில் திரும்பிப் பாறையில் மோதிவிடும். குழி தோண்டும் வேலையில் பெரியவர்களுடன் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வது வழக்கம்.

நீர்மட்டம் நிலையாக இருப்பதில்லை. மலைப்பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் நீர் ஏறும். பனிப்பொழிவு மிகுந்த ஆண்டுகளில் ஒரே நாளில் ஓர் அடி அளவுக்குக்கூட ஏறுவது உண்டு. அப்போது நீரோரமாக அடித்த கூடாரம் இரவில் நனைந்துவிடும். கோடையின் பிற்பகுதியில் நீர் இறங்கும். அப்போது படகைத் தினமும் சற்றுப் பின்னுக்குத் தள்ளாவிட்டால், அது மணலில் தரைதட்டி நின்றுவிடும். ஆகவே, மாலையில் நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, காலையில் நீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது எளிய முறை.

ஜூலை மாதத்தில் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டுவது இயல்பு. மேற்பரப்பு நீர் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஏறத்தாழ 26 டிகிரி வரை சூடாவதால் நீந்த இதமாக இருக்கும். ஆழத்தில் நீர் குளிர்ந்தே இருக்கும். படகின் உட்புறம் பகலில் சூடேறுவதால் பலர் இரவில் மாடித்தளத்திலோ கரையில் கூடாரத்திலோ படுக்கின்றனர். நகர வெளிச்சம் இல்லாத அந்த வானில் பால்வீதி தெளிவாகத் தெரியும்.

ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாட்கள் வரை தங்க அனுமதி உண்டு. கழிவு பற்றிய விதி கண்டிப்பானது. ஏரியிலிருந்து கால் மைல் (சுமார் 400 மீட்டர்) தொலைவுக்குள் முகாமிடுவோர் தங்களுடைய கழிப்பிடத்தைத் தாங்களே கொண்டுவர வேண்டும். மலக்கழிவை மணலில் புதைத்துவிட்டு வருவது குற்றம். இதற்குக் காரணம் எளிது. கரையில் புதைத்தது, நீர்மட்டம் ஏறும்போது ஏரிக்குள் வந்துவிடும். அதே நீரில்தான் அடுத்து வரும் குடும்பத்தின் குழந்தைகள் குளிக்கிறார்கள். படகுக் கழிவுத் தொட்டிகளைக் காலிசெய்ய, துறைகளிலும் ஏரியின் சில இடங்களில் மிதக்கும் நிலையங்களிலும் வசதி உள்ளது.

பொழுதுபோக்குகளும் பார்க்கும் இடங்களும்

நீச்சல், பலகைச் சவாரி, துடுப்புப் படகு, மீன்பிடித்தல் ஆகியவை முக்கியப் பொழுதுபோக்குகள். கோடிட்ட பாஸ், சிறுவாய் பாஸ், வாலாய் போன்ற மீன்கள் இங்குக் கிடைக்கின்றன. இவை வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இனங்கள். ஆற்றுக்கே உரிய பூர்விக மீன்கள் அணை கட்டிய பிறகு பெரிதும் குறைந்துவிட்டன.

வானவில் பாலம் இங்குப் பலரும் காணச் செல்லும் இடம். 290 அடி (88 மீட்டர்) உயரமும் 275 அடி (84 மீட்டர்) அகலமும் கொண்ட இந்த இயற்கைப் பாறை வளைவு 1910 இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. நவஹோ உள்ளிட்ட பல பழங்குடியினருக்கு இது புனிதமான இடம். ஏரி உருவாகும் முன் நெடுந்தூரம் நடந்தே இங்கு வர முடிந்தது. ஏரி நிரம்பிய பிறகு படகில் வந்து இறங்கிச் சிறிது நடந்தால் போதும் என்றானது. புனித இடத்தில் நீர் புகுந்ததையும் கூட்டம் பெருகியதையும் எதிர்த்து நவஹோ மக்கள் சிலர் 1974 இல் வழக்குத் தொடர்ந்தனர். 1980 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. எனினும், பாலத்தின் அடியில் நடந்துசெல்ல வேண்டாம் என்று பூங்காப் பணித்துறை இன்று வருகையாளர்களைக் கேட்டுக்கொள்கிறது. குழந்தைகளை அழைத்துச்செல்வோர் இதன் காரணத்தை முன்கூட்டியே விளக்குவது முறை.

பாறைத்துளை என்று பொருள்படும் ‘ஹோல் இன் த ராக்’ மற்றோர் இடம். 1880 ஜனவரியில் மார்மன் சமயத்தைச் சேர்ந்த சுமார் 250 குடியேறிகள், 83 வண்டிகளைச் செங்குத்தான ஒரு பாறைப் பிளவு வழியாகக் கயிறு கட்டி இறக்கி ஆற்றைக் கடந்தனர். இன்று படகில் அதன் அடிவாரத்தை அடைந்து மேலே பார்த்தால், அவர்கள் செய்ததன் கடினம் புரியும். ‘பாட்ரே பே’ எனப்படும் விரிகுடாவின் அடியில், 1776 இல் டொமிங்குவஸ், எஸ்கலாண்டே என்ற இரு எசுப்பானியப் பாதிரியார்கள் ஆற்றைக் கடந்த இடம் மூழ்கிக் கிடக்கிறது. கிளைப் பள்ளத்தாக்குகள் சிலவற்றில் பண்டைய பியூப்லோ மக்களின் கல் வீடுகளும் பாறை ஓவியங்களும் உள்ளன. அவற்றைத் தொடவோ அங்கிருந்து எதையும் எடுக்கவோ கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து: கார்பன் மோனாக்சைடு

பவல் ஏரியின் பெயர் படகுப் பாதுகாப்பு வரலாற்றில் இடம்பெற்றதற்கு ஒரு துயரம் காரணம். 2000 ஆம் ஆண்டு ஆகஸ்டில், குடும்பத்துடன் படகு வீட்டில் வந்திருந்த சகோதரர்களான இரு சிறுவர்கள், படகின் பின்புற நீச்சல் தளத்தின் கீழே இருந்த வெற்றிடத்துக்குள் நீந்திச் சென்று உயிரிழந்தனர். குளிர்சாதனக் கருவிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை அந்த வெற்றிடத்துக்குள் வெளியேறிக் கொண்டிருந்தது.

அதன்பின் பூங்காப் பணித்துறையும் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனமும் பழைய பதிவுகளை ஆராய்ந்தன. 1990 முதல் 2000 வரை இந்த ஓர் ஏரியில் மட்டும் படகுகளால் 100க்கும் மேற்பட்டோர் கார்பன் மோனாக்சைடு நச்சால் பாதிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மூடிய அறையில் மட்டுமே இந்த வாயு ஆபத்தானது என்று அதுவரை பலர் நம்பியிருந்தனர். திறந்தவெளியிலும், நீரின் மேற்பரப்பிலும் அது கொல்லும் அளவுக்குச் சேரும் என்பதை இந்த ஆய்வு காட்டியது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேற்பட்ட வலிமையோடு இது பிணைகிறது. அதனால் உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், களைப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். கோடை ஏரியில் இவற்றை வெயில் அயர்ச்சி என்றோ படகுப் பயண ஒவ்வாமை என்றோ எண்ணி, பாதிக்கப்பட்டவரைப் படகின் பின்புற நிழலிலேயே அமரவைத்துவிடும் அபாயம் உண்டு. நீரில் இருப்பவருக்கு அறிகுறிகள் தெரியும் முன்பே மயக்கம் வந்து மூழ்கிவிடலாம். அத்தகைய மரணத்தை வெறும் நீரில் மூழ்கிய மரணமாகப் பதிவுசெய்யவும் கூடும்.

இந்த ஆய்வின் விளைவாக, 2001 இல் பின்புறம் புகை வெளியேறும் அமைப்புடைய படகு வீடுகளைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்ய அமெரிக்கக் கடலோரக் காவல்படை நடவடிக்கை எடுத்தது. புகையை மாடித்தளத்துக்கும் மேலே செங்குத்துக் குழாய் வழியாக வெளியேற்றினால் ஆபத்து பெரிதும் குறைகிறது என்பதும் சோதனைகளில் உறுதியானது. படகில் செல்லும் குடும்பங்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

• ஜெனரேட்டரோ இயந்திரமோ ஓடும்போது படகின் பின்புறத்தில் எவரும் நீந்தக் கூடாது. நீச்சல் தளத்தில் அமரவும் கூடாது.
• இயந்திரம் நின்றிருந்தாலும் தளத்தின் கீழுள்ள வெற்றிடத்துக்குள் எவரும் செல்லக் கூடாது. வாயு அங்கே தேங்கி நிற்கும்.
• ஓடும் விசைப்படகின் பின்தளத்தைப் பிடித்துக்கொண்டு நீரில் இழுபட்டு விளையாடக் கூடாது.
• தூங்கும் அறைகளில் வாயு உணர்விக் கருவி இயங்குகிறதா எனப் புறப்படும் முன் சோதிக்க வேண்டும்.
• ஒருவருக்கு மேற்சொன்ன அறிகுறிகள் தோன்றினால், இயந்திரங்களை நிறுத்தி, அவரை உடனே நல்ல காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுசென்று உதவி அழைக்க வேண்டும்.

நீரும் காற்றும் வெள்ளமும்

நீரில் மூழ்குவதே படகு விபத்து மரணங்களுக்கு முதன்மைக் காரணம். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2022 ஆம் ஆண்டு அறிக்கைப்படி, படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் 10 பேரில் 8 பேருக்கும் மேல் உயிர்காப்பு உடை அணிந்திருக்கவில்லை. யூட்டா, அரிசோனா இரண்டிலும் படகு ஓடும்போது 12 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள குழந்தைகள் உயிர்காப்பு உடை அணிந்தே தீர வேண்டும். பெரியவர்களுக்கு ஆளுக்கொன்று படகில் இருந்தால் போதும் என்பது பொதுவான சட்டம். ஆனால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் காற்றில் விலகிச் செல்லும் படகை நீந்திப் பிடிக்க முடியாது. காற்றில் பறந்த தொப்பிக்காகவோ பந்துக்காகவோ நீரில் குதிப்பது இப்படித்தான் ஆபத்தில் முடிகிறது.

15 அடிக்கு (4.6 மீட்டர்) மேற்பட்ட உயரத்திலிருந்து பாறைகளில் நின்று குதிப்பது இங்குத் தடைசெய்யப்பட்டுள்ளது. உயரத்திலிருந்து விழும்போது நீர் கெட்டியான தரை போலத் தாக்கும். மேலும், நீர்மட்டம் மாறிக்கொண்டே இருப்பதால், சென்ற ஆண்டு ஆழமாக இருந்த இடத்தில் இந்த ஆண்டு பாறை மேலே வந்திருக்கலாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை இப்பகுதியில் பருவமழைக் காலம். காலையில் தெளிவாக இருந்த வானில் பிற்பகலில் இடியுடன் புயற்காற்று எழும். செங்குத்துப் பாறைகளில் அலைகள் மோதித் திரும்புவதால், நடுக்கால்வாயில் அலைகள் குழம்பிச் சிறுபடகைப் புரட்டிவிடும். எனவே நெடும்பயணத்தை நண்பகலுக்குள் முடித்துவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

குறுகிய பிளவுப் பள்ளத்தாக்குகளில் நடப்போருக்குத் திடீர் வெள்ளம் பெரும் ஆபத்து. பாறை நிலம் மழைநீரை உறிஞ்சாது. தொலைவில் பெய்த மழை முழுவதும் ஒரு குறுகிய பிளவுக்குள் திரண்டு பாயும். 1997 ஆகஸ்டு 12 அன்று, ஏரியில் வந்து சேரும் கீழ் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் இத்தகைய வெள்ளத்தில் உயிரிழந்தனர். மழை பல கிலோமீட்டர் தொலைவில்தான் பெய்திருந்தது. தலைக்கு மேல் நீலவானம் தெரிவது பாதுகாப்புக்கு உறுதி அல்ல. ஆற்று வழி முழுவதுக்குமான வானிலை அறிவிப்பைப் பார்த்த பிறகே உள்ளே செல்ல வேண்டும். மணல் ஓடைகளின் வாயிலில் கூடாரம் அடிப்பதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும்.

குவாகா சிப்பி

2013 இல் பவல் ஏரியில் வளர்ந்த குவாகா சிப்பிகள் கண்டறியப்பட்டன. உக்ரைனின் தினீப்பர் ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இச்சிறு சிப்பிகள், கப்பல்கள் வழியாக வட அமெரிக்காவை அடைந்து, பின்னர் ஏரிக்கு ஏரி படகுகளில் ஒட்டிப் பரவின. நீரில் உள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பதால் சிறுமீன்களுக்கு உணவு குறைகிறது. குழாய்களிலும் இயந்திரங்களிலும் அடர்த்தியாக ஒட்டி அடைப்பை உண்டாக்குகின்றன. இறந்த சிப்பிகளின் கூர்மையான ஓடுகள் வெறுங்காலில் நடக்கும் குழந்தைகளின் பாதங்களைக் கிழிக்கின்றன. எனவே நீருக்கான செருப்பு அணிவது அவசியம். ஏரியை விட்டுச் செல்லும் ஒவ்வொரு படகையும் கழுவி, உள்ளே தேங்கிய நீரை வடித்து, உலர்த்த வேண்டும் என்பது சட்டம். கண்ணுக்குத் தெரியாத அதன் இளவுயிரிகள் ஒரு வாளி நீரில்கூட அடுத்த ஏரிக்குப் போய்விடும்.

குறையும் நீர்மட்டம்

2000 ஆம் ஆண்டு முதல் கொலராடோ படுகையில் நீண்ட வறட்சி நிலவுகிறது. வெப்பம் கூடியதால், பெய்யும் பனியிலிருந்து ஆற்றுக்கு வந்து சேரும் நீரும் குறைந்துள்ளது. ஏறத்தாழ 4 கோடி மக்கள் இந்த ஆற்று நீரைச் சார்ந்துள்ளனர். வரவைவிடச் செலவு மிகுந்ததால், 2023 இன் தொடக்கத்தில் நீர்மட்டம் சுமார் 3,519 அடிக்கு (1,073 மீட்டர்) இறங்கியது. அப்போது ஏரியில் இருந்தது கொள்ளளவில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. 3,490 அடிக்குக் கீழே இறங்கினால் மின் உற்பத்தி நின்றுவிடும். 3,370 அடிக்குக் கீழ் இறங்கினால் அணையைத் தாண்டி நீரைத் திறந்துவிடவே இயலாது. 2023 இன் மிகுந்த பனியால் மட்டம் அந்தக் கோடையில் 60 அடிக்கு மேல் உயர்ந்தது என்றாலும், ஏரி நிரம்பவில்லை.

படகுப் பயணங்களை இது நேரடியாகப் பாதித்தது. படகுகளை நீரில் இறக்கும் கான்கிரீட் சாய்தளங்களின் முனை நீருக்கு வெகு மேலே நின்றது. 2021 கோடையில் பெரும்பாலான சாய்தளங்களில் படகு வீடுகளை இறக்க முடியவில்லை. வாவீப் விரிகுடாவிலிருந்து முதன்மைக் கால்வாய்க்குச் செல்லும் ‘காசில் ராக் கட்’ என்ற குறுக்குவழி மட்டம் குறையும்போதெல்லாம் வறண்டுவிடுவதால், படகுகள் நெடுந்தூரம் சுற்றிச்செல்ல வேண்டியுள்ளது. வடகோடியில் இருந்த ஹைட் படகுத்துறை வண்டல் மேட்டில் அகப்பட்டுக் கைவிடப்பட்டது. அணைக்கும் புல்ஃபிராக்குக்கும் இடையே படகில் மட்டுமே சென்று எரிபொருள் வாங்கக்கூடிய டாங்லிங் ரோப் நிலையமும் மூடப்பட்டது. ஆகவே எரிபொருளைக் கணக்கிட்டுச் செலவிடுவது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

நீர் இறங்கியதன் மறுபக்கமும் உண்டு. மூழ்கிய இடங்கள் மீண்டும் வெளிவருகின்றன. எஸ்கலாண்டே கிளையில் உள்ள ‘பாலைவனப் பேராலயம்’ என்ற குவிமாடம் போன்ற பாறை அரங்கம், 2005 இலும் 2021 ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் மீண்டும் காணக் கிடைத்தது. பக்கவாட்டுப் பள்ளத்தாக்குகளில் ஓடைகள் வண்டலை அரித்துக்கொண்டு பாய, பருத்தி மரங்களும் வில்லோச் செடிகளும் முளைக்கின்றன.

இரு வேறு கருத்துகள்

அணை கட்டப்பட்டபோதே அதற்கு எதிர்ப்பு எழுந்தது. வேறொரு தேசிய நினைவிடத்தில் அணை கட்டுவதைத் தடுத்த இயற்கை ஆர்வலர்கள், கிளென் கேன்யனை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அவர்களுள் முதன்மையானவரான டேவிட் பிரவர், பள்ளத்தாக்கை நேரில் கண்ட பிறகு அதைத் தம் பெரும் தவறாகக் கருதி வருந்தினார். ஏரியை வடித்து ஆற்றை மீட்க வேண்டும் என்பது அந்த வழிவந்தோரின் நிலைப்பாடு.

இதற்கு மாறாக, பல தலைமுறைகளாகக் கோடைதோறும் வரும் குடும்பங்களுக்கு இந்த ஏரி உறவினர் ஒன்றுகூடும் இடமாகவே உள்ளது. பேஜ் போன்ற ஊர்களின் பிழைப்பும் இதை நம்பியுள்ளது. ஆற்று நீரைப் பங்கிடும் பழைய விதிகள் மாற்றியமைக்கப்படும் நிலையில், ஏரியில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதை வருங்காலப் பனிப்பொழிவும் மாநிலங்களின் உடன்பாடுமே முடிவுசெய்யும். அதுவரை, பயணத்துக்குத் திட்டமிடுவோர் புறப்படும் வாரத்தின் நீர்மட்டத்தையும் எந்தச் சாய்தளம் திறந்துள்ளது என்பதையும் பூங்காப் பணித்துறையின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.